ஊரில் இடமிருந்தால் ஏன் வரப்போகிறார்கள்?



2018 நவம்பர் 16. கஜா புயல் கரையைக் கடந்த நாள். வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டைப் பக்கமும் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. புதுக்கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். வட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால், அடுத்து அடிபடும் ஊர்ப்பெயர் ஸ்ரீபெரும்புதூர்.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் அந்த வட்டாரத்தில் கார், கண்ணாடி, செல்போன் எல்லாம் தயாராகின்றன. கம்பெனி வந்தது, ஆட்கள் வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. ஊரில் பிழைப்பு இருந்தால், பதினெட்டு வயதில் ஹாஸ்டல் தரையில் பாய் விரித்து, ஷிப்டுக்குத் தகுந்தபடி தூங்க யார் வருவார்கள்? வீட்டுக் கெடுபிடியிலிருந்து தப்பிக்க வருகிறவர்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஐபோன் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்கள் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. மூடிய ஆலை ஜனவரி 12ஆம் தேதிதான் திறந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தது 2024 ஆகஸ்டில். வேலைக்கு ஆள் எடுத்து எத்தனையோ வருஷம் கழித்து, அவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் வந்தது.

தமிழ்நாட்டுப் பெண்களாவது தமிழில் சத்தம் போட முடிந்தது. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து கான்ட்ராக்டர் மூலம் வருகிற பையன்களுக்கு அதுவும் இல்லை. 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ஊரடங்கை அறிவித்தார்கள். நள்ளிரவில் நாடே பூட்டிக்கொண்டது. அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியது மே மாதம். நடுவில் இருந்த அந்த வாரங்களை வேலையில்லாமல், வாடகை அறைகளில், அரிசியை எண்ணிக் கழித்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிவரும் தொழிலாளிக்கு, சம்பளத்துக்கு மேல் இடப்பெயர்வுப் படி ஒன்றைக் கான்ட்ராக்டர் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மாதச் சம்பளத்தில் பாதி. அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் படியே காணாமல் போயிற்று. பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை. எழுப்ப வேண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறது. வெளியூரில் இருந்தபடியே வாக்களிக்க ஓர் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துக் காட்ட முயன்றது, எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே, பஞ்சாயத்துத் தேர்தலோ பாராளுமன்றத் தேர்தலோ, ஒரகடத்து வாடகை அறைகளின் கதவைத் தட்ட வேட்பாளருக்கு அவசியம் ஏற்படுவதில்லை.