பாட்டி சொல்லாததைச் சொல்லும் புத்தகங்கள்

(குருணில் தோட்டக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

அடையாளக் கார்டு, தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம் என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்க, இவர் ஏன் கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

கித்தா மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயங்களை இடித்தார்கள். நாம் டவுனுக்கு வந்து பேக்டரியில் ஷிப்டு வேலை பார்க்கிறோம். மூன்று தலைமுறை உழைத்த இடத்தில் இன்று நம் அடையாளமாகக் காட்ட ஒரு பெரட்டுக் களம்கூட மிஞ்சவில்லை. மிச்சம் இருப்பவை இரண்டுதான். ஒன்று, பாட்டி தாத்தாவின் வாய். மற்றது, நம் எழுத்தாளர்கள் எழுதிய புத்தகம். முதலாவது வேகமாகக் குறைந்து வருகிறது.

பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் புத்தகம் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. 1993-இல் வந்த நாவல். 1941 டிசம்பரில் ஜப்பான் படை இதே குருணில் பிரிட்டிஷ் படையோடு மோதி, முறியடித்துத் தெற்கே போனது. பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. காலரா, மலேரியா, பட்டினி, அடி. செத்த வெள்ளைக்காரக் கைதிகள் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் போட்ட கல் இல்லை. கணக்கே மதிப்பீடுதான், பிறகு பெயருக்கு எங்கே போவது?

அதனால்தான் நாவல் தேவைப்படுகிறது. கணக்கில் வராத மனிதனுக்கு அங்கே பெயர் இருக்கிறது, பசி இருக்கிறது, வீட்டு நினைப்பு இருக்கிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகியவையும் இதே சயாம் கதைதான். மூன்றையும் படிக்க நேரமில்லாவிட்டால் ஒன்றையாவது படியுங்கள். படிக்கும்போது வீட்டில் வயதானவர் இருந்தால் சத்தமாகப் படியுங்கள். "எங்க பெரியப்பாவும் சயாமுக்குப் போனாரு" என்று அவர் ஆரம்பிப்பார். உடனே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைக் கேளுங்கள். தம்பி, அந்தக் கைப்பேசி அப்போது உதவும், பதிவு செய்துகொள்.

அடுத்தது, நம் கெடாக்காரர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்'. 2017-இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது வாங்கியவர். தோட்டத்து மனிதர்களை அவர்கள் பேச்சோடும் ஏச்சோடும் எழுதியிருக்கிறார். குடி, சண்டை, வம்பு எல்லாம் உண்டு. நம்மைத் தெய்வமாகக் காட்டும் புத்தகம் வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது.

'எரியும் பனிக்காடு' பற்றி ஒரு வார்த்தை. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரியைப் படித்தால், நம் கங்காணி நினைவுக்கு வருவார்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எடுத்த எடுப்பில் கொடுக்காதீர்கள். பயந்து ஓடிவிடுவார்கள். கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' கொடுங்கள். இவரும் கெடாக்காரர், ஆசிரியர். சிறுவர்களே துப்பறிகிறார்கள்.

இன்னொன்று, 'டோட்டோ சான்'. தெத்சுகோ குரோயநாகி என்ற ஜப்பானியப் பெண்மணி தன் பள்ளிக்கூட நாட்களை எழுதியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. வகுப்பில் சேட்டை என்று முதல் வகுப்பிலேயே விரட்டப்பட்ட சிறுமி. புதுப் பள்ளித் தலைமையாசிரியர் முதல் நாள் நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் குறுக்கே பேசாமல் கேட்டார். 'கடைசி வகுப்பு' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளையின் பெற்றோர் இங்கே இருந்தால், இதை அவர்களே முதலில் படிக்கட்டும்.

"ஜப்பான்காரன் நம்மைக் கொன்றான், அவன் கதை நமக்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பள்ளியின் வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். இங்கே ரயில் பெட்டியில் நம் ஆட்களை அடைத்துக்கொண்டு போன அதே ஆண்டுகளில், அங்கே ரயில் பெட்டியில் உட்கார்ந்து பிள்ளைகள் பாடம் படித்தார்கள். 1945-இல் அமெரிக்கக் குண்டில் அந்தப் பள்ளியும் எரிந்தது. போரை நடத்தியவன் வேறு, அந்தப் பிள்ளை வேறு. இரண்டு ரயிலையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் நம் ரயிலைத் தெரியாமல் அந்த ரயிலை மட்டும் தெரிந்துகொண்டால் அது குறைதான்.

விலை கட்டுப்படியாகாது என்பீர்கள். ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்குங்கள், மாதம் ஒரு வீடு என்று சுற்றட்டும். தாமதிக்காதீர்கள். மலேசியத் தமிழ்ப் புத்தகம் கொஞ்சம் படிகள்தான் அச்சாகும். தீர்ந்துவிட்டால் தேடி அலைய வேண்டும்.

'சயாம் மரண ரயில்' ஒரு படி இந்த மேசையில் இருக்கிறது. வீட்டில் பாட்டி இருப்பவர் யாராவது முதலில் எடுத்துப் போங்கள்.