வைட் போனாலும் பரவாயில்லை!

(‘இளைஞனின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் அவனது திறமையா? அவன்மேல் பெரியவர்கள் வைக்கும் நம்பிக்கையா?’ என்ற தலைப்பில், ‘நம்பிக்கையே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! ரிமோட்டைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தந்தையர்களே! அதைப் பறித்து வைத்திருக்கும் தாய்மார்களே! (சிரிப்பு)

எதிரணித் தம்பி ஒரே போடா போட்டுட்டார். ‘வாசிம் அக்ரம் கையில திறமை இருந்துச்சு, 1992-ல உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இதுல யார் நம்பினா என்ன, நம்பாட்டி என்ன?’ன்னு கேட்டார். தம்பி, நீங்க ஸ்கோர் போர்டைப் பார்த்தீங்க. அதுக்கு முன்னால நடந்ததை நான் சொல்றேன்.

லாகூர்ல பெரிய அனுபவம் எதுவும் இல்லாத ஒரு பையன். வலைப்பயிற்சியில அவன் பந்து போட்டதைப் பார்த்த ஜாவேத் மியான்தத், ‘இவன் அணிக்கு வேணும்’னு நின்னார். 1985-ல, நியூசிலாந்து மண்ணில், தன் இரண்டாவது டெஸ்ட்டிலேயே அந்த 18 வயசுப் பையன் 10 விக்கெட் எடுத்தான்!

சரி, 1992-க்கு வருவோம். உலகக் கோப்பையில் முதன்முதலா வெள்ளைப் பந்து. அது காத்துல ஏகத்துக்கு வளையுது. அக்ரமுக்கு 25 வயசு. வளைக்கிறதுல மன்னன். விளைவு? வைடுக்கு மேல வைடு! நோபால் வேற! அணியோ முதல் ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸிடம் 10 விக்கெட்டில் தோல்வி. அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரா 74 ரன்னுக்குச் சுருண்டது. மழை வந்து மானத்தைக் காப்பாத்துச்சு. (சிரிப்பு)

அந்த நேரத்துல நம்ம வீட்டு அப்பா கேப்டனா இருந்திருந்தா? ‘டேய், வேகத்தைக் குறைடா! பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, ஒரு நோபால் போடறானா?’ம்பார். (கைதட்டல்) பொண்ணுக்கு ஸ்கூட்டர் கத்துக் கொடுக்கறோம்னு பின்னால உட்கார்ந்து, தெருக்கோடி வரைக்கும் ‘பிரேக்கு, பிரேக்கு’ன்னு கத்தற பரம்பரைதானே நாம!

இம்ரான் கான் என்ன சொன்னார் தெரியுமா? வைடு போனாலும் சரி, நோபால் ஆனாலும் சரி, நீ வேகமா போடு. 39 வயசு, தோள்வலி, கடைசி உலகக் கோப்பை. இழக்கறதுக்கு அவருக்கு நிறைய இருந்துச்சு ஐயா!

மார்ச் 25, மெல்போர்ன். இறுதி ஆட்டம். பாகிஸ்தான் 249, அதுல அக்ரம் அடிச்சது 33. துரத்திய இங்கிலாந்து 69-க்கு 4. அப்புறம் ஆலன் லாம்பும் ஃபேர்பிரதரும் 72 ரன் சேர்த்துட்டாங்க. 141-க்கு 4. ஆட்டம் கைநழுவுது. இம்ரான் பந்தை அக்ரமிடம் நீட்டினார்.

விக்கெட்டைச் சுத்தி வந்து போட்டார். உள்ளே வர்ற மாதிரி வந்த பந்து, கடைசி நொடியில் வெளியே வளைஞ்சு லாம்பின் ஸ்டம்பைப் பேர்த்தது. அடுத்த பந்து, கிறிஸ் லூயிஸ். இது உள்பக்கம் வளைஞ்சு, மட்டையின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பில் விழுந்தது! (பலத்த கைதட்டல்) 22 ரன்னில் பாகிஸ்தானுக்குக் கோப்பை. தொடரில் மொத்தம் 18 விக்கெட். அக்ரமைவிட அதிகம் எடுத்தவர் யாரும் இல்லை.

திறமை வேண்டாம்னு நான் சொல்ல வரலை, நடுவர் அவர்களே. அது 74-க்குச் சுருண்ட அன்னைக்கும் அக்ரம் கையிலதான் இருந்துச்சு. ஒரே ஒரு கேள்வி. அந்த ஓவரை, வைடே போடாத ஒரு நல்ல பிள்ளைக்கு இம்ரான் கொடுத்திருந்தா, லாம்ப் என்ன பண்ணியிருப்பார்? எதிரணித் தலைவர் வந்து பதில் சொல்லட்டும். (கைதட்டல்)