பட்டியலில் பெயர் இல்லையென்றால்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் நாளில், கிராமப் பொதுநோக்கு மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெயில் ஏற முன்னம் பேசி முடிக்கச் சொல்லி மாதர் சங்கத் தலைவி என்னை முதலில் விட்டிருக்கிறா. வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம், கிணறு துப்புரவாக்கல் ஆகியவற்றைப் பற்றிப் பேச அந்தந்த அலுவலர்கள் பின்னால் இருக்கிறார்கள். நான் தகவல் பகுதி. என்னிடம் தருவதற்குத் தகரமும் இல்லை, சீமெந்தும் இல்லை. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற ஒன்றைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். பட்டியல். நீங்கள் 'லிஸ்ட்' என்று சொல்வது.

கடந்த வருடங்களில் உங்கள் பெயர் எத்தனை பட்டியல்களில் ஏறியது என்று எண்ணிப் பாருங்கள். 2009 இல் ஓமந்தையில் பதிவு. பிறகு செட்டிகுளம் மெனிக்பாம். அங்கே வலயங்களுக்குக் கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெரிய மனிதர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்களை இலக்கத்தால்தான் கூப்பிட்டார்கள். தண்ணீருக்கு ஒரு பட்டியல், சமைத்த சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல், ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு பட்டியல். 2012 செப்டெம்பர் கடைசியில் அந்த முகாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியே வந்தவர்கள் கேப்பாப்புலவு மக்கள். அவர்களுடைய பட்டியலில் இருந்த ஊர் ஒன்று, பஸ் அவர்களை இறக்கிவிட்ட இடம் வேறொன்று.

ஊர் திரும்பிய பிறகு 25,000 ரூபா கொடுப்பனவுக்கு ஒரு பட்டியல், ஆறு மாத உலர் உணவுக்கு ஒரு பட்டியல், தகரத்துக்கும் தறப்பாளுக்கும் இன்னொன்று, மண்வெட்டிக்கும் அலவாங்குக்கும் வேறொன்று. இப்போது வீடு. இவ்வளவு தரம் பெயர் கொடுத்த பிறகும் எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பக்கத்து வளவுக்கு வந்திருக்கு, எங்கட பேர் ஏன் இல்லைப் பிள்ளை?"

அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். கேட்டால் அடுத்ததும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. நாவற்குழிப் பாலத்தை மழைக்குள் கடந்து, கொடிகாமத்தில் அப்பாவின் மச்சாள் ஒருவரின் வீட்டு விறாந்தையில் போய் இருந்தோம். பாடசாலையில் இருந்தவர்களுக்கு அரிசி, பருப்பு, பால்மா வந்தது. எங்களுக்கு வரவில்லை. "நீங்கள் வீட்டிலதானே இருக்கிறியள், முகாமில இல்லையே" என்றார் பட்டியல் எழுதிய அண்ணர். அவர் கெட்டவர் அல்லர். அவருக்குக் கொடுத்த கொப்பியில் 'முகாம்' என்ற ஒரு தலைப்புத்தான் இருந்தது. அப்பா ஆசிரியர். இன்னொருமுறை போய்க் கேட்க வெட்கப்பட்டார். மூன்றாம் மாதம் அம்மா போனா. விறாந்தையில் இருப்பவர்களுக்கும் வயிறு இருக்கிறது என்று சொன்னாவாம். அந்த அண்ணர் கொப்பியின் பின்பக்கத்தில் 'வீடுகளில் இருப்போர்' என்று புதுத் தலைப்புப் போட்டு எங்களை எழுதினார். அந்த ஒழுங்கையில் இருந்த மற்றக் குடும்பங்களும் அதே பக்கத்தில் ஏறின. அம்மா கேட்கும்வரை ஒழுங்கை முழுவதும் பேசாமல்தான் இருந்தது.

அப்படியானால் பட்டியல் எப்படி உருவாகிறது? பணம் தருபவர் இத்தனை வீடு, இந்த மாவட்டம் என்று தருகிறார். மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் அதைக் கிராமங்களுக்குப் பிரிக்கின்றன. கிராம அலுவலர், நீங்கள் சொல்கிற விதானையார், தன் பிரிவில் பதிந்துள்ள குடும்பங்களின் விபரத்தைத் தருகிறார். எங்கள் ஆட்கள் வீடு வீடாக வந்து பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். பெண் தலைமைதாங்கும் குடும்பமா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, முதியவர் இருக்கிறாரா, சிறு பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது இருப்பது கொட்டிலா கல்வீடா. புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்தினால் பட்டியல். இதில் மந்திரம் ஏதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதரின் கை இருக்கிறது. கை இருக்கிற இடத்தில் பிழையும் இருக்கும். சில இடங்களில் பிழையைவிடக் கூடுதலாகவும் இருக்கும். அதை நான் மறைக்கப்போவதில்லை.

யாருடைய பெயர் விடுபடுகிறது என்று பார்த்தால் அநேகமாக ஒரே வகையானவர்கள்தான். மகளுடைய கொட்டிலில் இருக்கிற தனித்த கிழவி. அவவுக்குக் குடும்ப அட்டை வேறாக இல்லை, ஆகவே அவ ஒரு குடும்பமாகவே கணக்கில் வருவதில்லை. முகாமில் இருந்தபோது கலியாணம் முடித்த பிள்ளைகள், இன்னும் தகப்பனின் அட்டையில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் எண்ணிக்கைக்குப் புள்ளி போடுவதால், பிள்ளைகளைப் போரில் இழந்த தாய் தகப்பன் வரிசையில் கீழே இறங்கிவிடுகிறார்கள். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. ஆனால் புள்ளிக் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. கிராமக் கூட்டத்தில் யாராவது எழும்பி "இந்த வீட்டை ஒருக்கால் போய்ப் பாருங்கோ" என்று சொன்னால்தான் அது திருந்தும். உங்கள் பெயருக்காக மட்டும் எழும்பாதீர்கள். எழும்ப முடியாதவர்களின் பெயருக்காகவும் எழும்புங்கள்.

காணிப் பத்திரம் தொலைந்தவர்கள் இங்கே பாதிப்பேருக்கு மேல் இருப்பீர்கள். எத்தனை தரம் பங்கரில் இருந்து பங்கருக்கு ஓடியவர்களிடம் பெமிற் எங்கே, உறுதி எங்கே என்று கேட்பது நியாயமாகத் தெரியாது. இருந்தாலும் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போய்விடாதீர்கள். அரச காணி அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் விபரம் பிரதேச செயலகத்துக் கோவையில் இருக்கக்கூடும். கோவையும் அழிந்துபோனவர்களுக்கு, 2013 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் காணிச் சுற்றறிக்கையின் கீழ் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டிருந்தது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேட வேண்டும். எப்படி என்று இந்தக் கைந்நூலின் வேறொரு பகுதியில் எழுதியிருக்கிறோம்.

இனி, சொல்லக் கடினமான விடயம். கணவர் எங்கே என்று தெரியாத அம்மாமார் இங்கே இருக்கிறீர்கள். குடும்ப அட்டை அவருடைய பெயரில், காணியும் அவருடைய பெயரில். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க விண்ணப்பிக்க வழி தந்தது. எடுத்தால் சில அலுவல்கள் இலகுவாகும் என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் உங்கள் முடிவு. எங்கள் நிறுவனத்தின் எந்த உதவிக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. குடும்பத்தை இப்போது நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று கிராம அலுவலர் தரும் ஒரு கடிதம் எங்களுக்குப் போதும். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது "சேட்டிபிகற் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று கேட்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள்.

அதேபோல, உதவிக்கு விலை இல்லை. பெயர் சேர்க்கப் பணம் கேட்டால், கோழி கேட்டால், "பின்னேரம் வந்து தனியக் கதையுங்கோ" என்று கூப்பிட்டால், அது குற்றம். கேட்டவர் எங்கள் அலுவலராக இருந்தாலும் சங்கத்துக்காரராக இருந்தாலும் வாகனச் சாரதியாக இருந்தாலும் குற்றம்தான். நிவாரணத்தைக் காட்டிப் பெண்களிடமோ பிள்ளைகளிடமோ பாலியல் ரீதியாக எதையும் கேட்கக் கூடாது என்று 2003 இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகமே தன் பணியாளர்களுக்கு எழுத்தில் அறிவித்தார். உலகத்தில் பல முகாம்களில் நடந்ததால்தான் அப்படி எழுத வேண்டி வந்தது. இங்கே மட்டும் நடக்காது என்று சொல்ல நான் தயாரில்லை. முறைப்பாடு செய்தவரின் பெயர் வெளியே போகாது. முறைப்பாடு செய்ததற்காக எந்தப் பட்டியலிலிருந்தும் பெயர் வெட்டப்படாது.

"தாறவையிட்ட எப்படிக் கேள்வி கேக்கிறது?" என்று ஒரு ஐயா போன கிழமை என்னிடம் சொன்னார். ஐயா, இது யாருடைய சொந்தக் காசும் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் வரி கட்டியவர்கள், உண்டியலில் போட்டவர்கள் உங்களுக்கென்று தந்தது. எங்களுடைய சம்பளமும் அதற்குள்தான் வருகிறது. 1994 இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் வேறு பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஒழுக்கக்கோவை எழுதின. பணம் தருபவருக்கு மட்டுமல்ல, உதவி பெறுபவருக்கும் நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்று அவசரகால உதவிக்கு அளவுகளும் இருக்கின்றன. மெனிக்பாமில் வாளியை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நன்றியைப் பற்றியும் ஒரு சொல். 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் போய் நின்று, போகாதேயுங்கோ என்று கேட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். வாகனங்கள் போய்விட்டன. அந்த நாளை மறக்காதவர்களிடம் நாங்கள் நன்றியை எதிர்பார்க்க முடியாது. கேள்வியைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இனி என்னுடைய தொழிலைப் பற்றி. கமராவோடு வருகிறவன் நான்தான். பல வருடங்களுக்கு முன், வேறொரு நிறுவனத்தில் வேலை செய்தபோது, அரிசிப் பையை வாங்கக் குனிந்த ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். நல்ல வெளிச்சம், நல்ல முகம். படம் வருட அறிக்கையின் அட்டையில் வந்தது. அந்த அம்மாவின் மகள் உயர்தரம் படிக்கிற பிள்ளை. அலுவலகச் சுவரில் அந்தப் படத்தைக் கண்டுவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டா. "அம்மா இருபது வருசமாய் வயல் செய்தவ. அந்தப் படம் உங்களிட்ட இல்லையா?" என்னிடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அட்டையை அச்சிட்டு முடித்திருந்தார்கள், திருப்பி எடுக்க முடியவில்லை.

ஆகவே, படம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்று கேட்டால் மறுக்கலாம். மறுத்ததற்காக ஒரு கிலோ பருப்புக் கூடக் குறையாது. எடுத்த படத்தைக் காட்டச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். பிள்ளைகளின் படத்துக்குத் தாயோ தகப்பனோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும்.

பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கும் ஒரு விடயம், சுருக்கமாக. இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். எங்களுடையதும் ஏறக்குறைய அதே முறைதான். வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் காசு ஏறக்குறைய 550 சதுர அடி வீட்டுக்குத்தான் காணுமாக இருந்தது. மகளுக்கும் ஓர் அறை வேணும் என்று அத்திவாரத்தைப் பெருப்பித்தவர்கள் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, சுவர் மட்டத்தில் நிற்கிறார்கள். நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், கூரை இல்லாத பெரிய வீடுகளை. ஆசை விளங்குகிறது. எல்லாம் இழந்தவருக்குப் பெரிதாகக் கட்டத்தான் மனம் வரும். அத்திவாரம் வெட்ட முன்னம் எங்கள் தொழில்நுட்ப அலுவலரை ஒருக்கால் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் சொல்வது பிடிக்காமல் போனாலும் கேளுங்கள்.

தற்காலிகப் பட்டியல் இன்றைக்கு மண்டபத்து வாசலில் ஒட்டப்படுகிறது. கிராம அலுவலர் அலுவலகத்திலும் கூட்டுறவுக் கடைச் சுவரிலும் அதே பட்டியல் இருக்கும். ஆட்சேபனைக்குக் கடைசித் திகதி தாளின் மேலே பெரிய எழுத்தில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் புள்ளியும் போட்டிருக்கிறோம். இதற்கு எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது, ஊருக்குள் சண்டை வரும் என்றார்கள். புள்ளி தெரியாமல் வருகிற சண்டையைவிட அது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

எழுத இயலாதவர்களுக்கு வலதுபக்க மேசையில் இருக்கிற தங்கச்சி எழுதித் தருவா. கையொப்பம் வைக்க முன்னம், எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும், அதில் திகதியும் வாங்கியவரின் ஒப்பமும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் பேச விரும்பாதவர்கள், பின்பக்க அறையில் பெண் அலுவலர் ஒருவர் தனியாக இருக்கிறா, அங்கே போகலாம். பிளேன்ரீ ஊற்றியாயிற்று. நடக்க ஏலாதவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள், நான் தாளை அங்கே கொண்டுவருகிறேன்.