கணையப் புற்றுநோய் குடும்பத்தில் தொடருமா?

(சித்தூர், திருப்பதி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"அப்பா கணையப் புற்றுநோயில் போய்விட்டார். எங்களுக்கும் வருமா டாக்டர்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒரு சாரார். கேட்கவே பயந்து, பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயத்தில் அந்த வியாதியின் பெயரையே மறைப்பவர்கள் இன்னொரு சாரார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இன்று கொஞ்சம் கணக்குச் சொல்லப் போகிறேன். கணக்குத் தெரிந்தால் பயம் பாதியாகிவிடும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒளிந்திருக்கும் உறுப்பு. ஜீரண நீரையும் இன்சுலினையும் சுரப்பது அதுதான். ஒளிந்திருப்பதால் அதில் வரும் கட்டி தாமதமாகவே தெரிய வரும். 2019 மார்ச்சில் கோவா முதல்வர் மனோகர் பாரிக்கர் 63 வயதில் காலமானது இந்த நோயால்தான். ஆனால் மேலை நாடுகளை விட நம் நாட்டில் இது குறைவு.

இனி குடும்பக் கணக்கு. இந்த நோய் வந்த 100 பேரை எடுத்துக்கொண்டால், சுமார் 90 பேரின் நெருங்கிய உறவில் வேறு யாருக்கும் இது வந்திருக்காது. ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் குடும்பத் தொடர்பு இருக்கும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1994 முதல் இப்படிப்பட்ட குடும்பங்களின் பதிவேட்டை வைத்திருக்கிறது. 2004-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு அபாயம் ஆறு மடங்கு; மூவருக்கு இருந்தால் 32 மடங்கு. ஒருவருக்கு மட்டும் என்றால் அபாயம் சற்றே கூடும். அதற்காக ஸ்கேன், ஸ்கேன் என்று அலைய வேண்டியதில்லை.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் குடும்பத்தைப் பாருங்கள். தந்தை 1953-ல், தங்கை ரூத் 1983-ல், தம்பி பில்லி 1988-ல், இன்னொரு தங்கை குளோரியா 1990-ல், நால்வருமே கணையப் புற்றுநோயில் மறைந்தார்கள். கார்ட்டரோ 2024 டிசம்பரில் 100 வயதில் காலமானார். கணையம் அவரை ஒன்றும் செய்யவில்லை. தான் சிகரெட் புகைத்ததில்லை என்பதை அவரே ஒரு வித்தியாசமாகச் சொல்லியிருக்கிறார். குடும்ப வரலாறு தலையெழுத்து அல்ல. எச்சரிக்கை மணி, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் மது அருந்தாதவர்களுக்குக்கூட, சிறு வயதிலேயே கணையத்தில் கல் உண்டாகி, வயிற்று வலியும் சர்க்கரை நோயும் வருவதுண்டு. சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன், டாக்டர் வி. மோகன், டாக்டர் சுரேஷ் சாரி முதலானோர் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களை விடச் சுமார் 100 மடங்கு என்று தெரிந்தது. பிறகு ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள், இந்தக் கல் நோய்க்காரர்கள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். ஆகவே வீட்டில் யாருக்காவது 'கணையத்தில் கல்' என்று சொல்லியிருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

எங்கே குறிப்பது? அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை வழியில் மூன்று தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறோம். அந்தப் பட்டியல்தான் ஆரம்பம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன வியாதி, எந்த வயதில் என்று எழுதுங்கள். தர்ப்பணத்தில் வராத அத்தை, சித்தி, மாமா, உடன்பிறந்தோரையும் சேருங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குக் கோத்திரம் மாறும், மரபணு மாறாது. பிள்ளையோ பெண்ணோ, பழுதான மரபணு போய்ச் சேர வாய்ப்பு சரிபாதி. பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் பெண்களுக்கு மார்பகம், சினைப்பையிலும் புற்றுநோய் வரலாம். அதனால் பாட்டிக்கு மார்பில் கட்டி இருந்ததையும் எழுத வேண்டும். "தாத்தா மஞ்சள் காமாலையில் போனார்" என்பார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் கட்டி பித்தக் குழாயை அடைத்தாலும் காமாலைதான் வரும். உடம்பும் இளைத்ததா என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் வந்தவர் எல்லோருக்குமே மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது என்பது இன்றைய மருத்துவக் கருத்து. முதலில் நோயாளிக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. மாற்றம் தெரிந்தால் சிலருக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அது உதவும். சித்தூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, அங்கே மரபியல் பிரிவும் உண்டு. திருப்பதியில் ஸ்விம்ஸ் இருக்கிறது. 2022-ல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. நெருங்கிய உறவில் இருவருக்கோ அதற்கு மேலோ நோய் வந்திருந்தால் 50 வயதிலிருந்து, அல்லது குடும்பத்தில் மிக இளம் வயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருஷம் முன்பிருந்து, எம்.ஆர்.ஐ. அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் மூலம் வருஷா வருஷம் கண்காணிக்கச் சொல்கிறார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்கு மூன்று வருஷத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரிய வருகிறது என்று, முன்பு சொன்ன அதே டாக்டர் சுரேஷ் சாரி அமெரிக்காவில் 2005-ல் கண்டறிந்தார். நூற்றில் 99 பேருக்கு ஒன்றுமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் சர்க்கரையோடு காரணமில்லாமல் எடையும் குறைந்தால் டாக்டரிடம் குடும்பக் கதையைச் சொல்லுங்கள்.

சிகரெட்டை விட்டுவிடுங்கள். குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள் புகைத்தால் அது பத்து வருஷம் முன்னதாகவே வருகிறது.

கடைசியாக, சம்பந்தம் பேசும்போது இதை மறைக்க வேண்டாம். மறைத்தால் நஷ்டம் நம் பேரப் பிள்ளைகளுக்குத்தான். வருகிற அமாவாசைக்குள் அந்தப் பட்டியலை எழுதி முடித்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் க்ஷேமமாக இருக்க வேண்டும்.