காட்டுத்தீயும் காவலர் கண்களும்



கோடையில் நம் டேராடூன் காலனியிலிருந்து முசோரி மலை கண்ணுக்குத் தெரியாமற் போகும் நாட்கள் உண்டு. காடு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே, சாம்பல் படியுமுன் மாடியில் உலர்த்திய வற்றலை எடுத்து வருகிறோம். அப்புகையின் நடுவே நின்று தீயை அணைப்போரின் கண்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

இம்மலைகளில் பைன் மரங்கள் மிகுதி. உதிர்ந்த ஊசியிலையை இங்குள்ளோர் பிரூல் என்பர். பிசின் நிறைந்த அச்சருகு விரைவில் பற்றும். பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை தீக்காலம். 2016-லும் 2024-லும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் நீர் முகந்து ஊற்றின. ஆயினும் பச்சைக் கிளைகளால் அடித்துத் தீயை அணைக்க நிற்பவர்கள் வனக்காவலரும் மலைக்கிராமத்தாருமே.

மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு தீயணைக்க முடியுமா? புகையிலுள்ள அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு முதலிய காரமான வாயுக்கள் கண்ணை உறுத்திச் சிவக்கச் செய்கின்றன. கண்ணீர் வெறும் நீரன்று. எண்ணெய், நீர், சளிப்பொருள் மூன்றும் சேர்ந்து விழியைக் காக்கும் மெல்லிய போர்வை. புகையும் அனலும் அதைக் குலைத்துவிடுகின்றன. பிறகு தாரை தாரையாகப் பெருகும் நீர் விழியில் தங்குவதில்லை. அழுதுகொண்டேயிருக்கும் கண் உலர்ந்த கண்ணாயிருப்பது விந்தையன்றோ? விறகடுப்பு ஊதிய நம் பாட்டிமார் இதை அறிவர். சாம்பல் துகள் விழுந்த கண்ணைக் கசக்கினாலோ கருவிழியே கீறிப் புண்ணாகும்.

எரிச்சலோடு போனாற் கவலையில்லை. செங்குத்தான சரிவு, காலடியில் வழுக்கும் சருகு, காற்றுத் திரும்பினால் தப்பும் வழியைக் காண நொடிகளே உண்டு. 2024 ஜூனில் அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறை ஊழியர் நால்வர் அங்கேயே மாண்டனர். புகைபட்ட கண்ணே அதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. அத்தகைய இடத்தில் மங்கிய பார்வையோடு நிற்பது எத்தன்மையது என்று எண்ணிப் பார்க்கிறோம்.

காப்புக் கண்ணாடி அணியலாமே என்பீர்கள். காற்றுத்துளை உள்ளது தீப்பொறியைத் தடுக்கும், புகையை விட்டுவிடும். துளையற்றது வியர்வையாவியில் மங்கிப்போகும். ஆதலால் கண்ணாடியோடு, முறைவைத்து ஆட்களை மாற்றுவதும், புகைக்கு வெளியே வந்து தூய நீரால் கண்ணைக் கழுவுவதும் வேண்டும். வலியோ வெளிச்சக் கூச்சமோ மறுநாளும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு நாட்கூலி போகுமே என்று தயங்குகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

இவ்வாண்டு விழா நிதியில் மிச்சப்படுவதைக் கொண்டு, அருகிலுள்ள வனச்சாவடிக்குச் சில கண்ணாடிகளும் கண் கழுவ நீர்ப்புட்டிகளும் பிப்ரவரிக்கு முன்பே வாங்கித் தரலாம் என்று சங்கத்தின் முன் வைக்கிறோம்.