ஊர் வீட்டு ஷேர் ஃபோல்டர் ஏன் திறக்க மாட்டேங்குது?

சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்க்கிற சேலம், நாமக்கல் பசங்களுக்கு ஊர்லருந்து அடிக்கடி வர்ற போன் ஒண்ணு உண்டு. "தம்பி, மாடி லேப்டாப்ல கணக்கு ஓப்பன் ஆகல." லாரி வீடு, கோழிப்பண்ணை வீடு, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, எங்கயும் அமைப்பு ஒண்ணுதான். முன் ரூம்ல பழைய டெஸ்க்டாப், அதுல டேலி டேட்டா. அந்த ஃபோல்டரை ஷேர் பண்ணி மத்தவங்க திறப்பாங்க. 20-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-3பி போடணும். 18-ஆம் தேதி ஃபோல்டர் திறக்கலைன்னா வீட்ல யாருக்கும் சோறு இறங்காது.

முதல்ல டெஸ்க்டாப் தூங்குதான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பாதி கேஸ் அதான். அப்புறம் அதுல ஐபிகான்ஃபிக் கமாண்ட் அடிச்சா 192.168.1.5 மாதிரி ஒரு நம்பர் வரும். லேப்டாப்ல விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி, ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு அந்த நம்பரை அடிங்க. திறந்துடுச்சுன்னா ஷேரிங்ல கோளாறு இல்ல, பேரைத் தேடுறதுலதான் சிக்கல். கரண்ட் போய் வந்தா ரவுட்டர் வேற நம்பர் கொடுத்துடலாம். அதனால ரவுட்டர்லயே டெஸ்க்டாப்புக்கு ஒரு நம்பரை ஒதுக்கி வச்சிடுங்க. திறக்கவே இல்லையா? டெஸ்க்டாப்ல நெட்வொர்க் 'பப்ளிக்'னு இருக்கும், 'பிரைவேட்' ஆக்குங்க.

பாஸ்வேர்ட் கேட்டா தினமும் போடுற நாலு நம்பர் பின் இங்க செல்லாது. நிஜ பாஸ்வேர்டே வேணும். நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான்.

இந்த இடத்துல யூடியூப் ஒரு குறுக்கு வழி சொல்லும்: எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு, பாஸ்வேர்டை ஆஃப் பண்ணு. தயவுசெஞ்சு வேணாம். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை பரவினது அந்த எஸ்எம்பி 1-ல இருந்த ஓட்டை வழியாத்தான். அதுக்கான பேட்ச் மார்ச்லயே வந்திருந்தும் போடாதவங்க மாட்டினாங்க. ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பல. அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10 பதிப்புலருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்பி 1 வர்றதில்ல. விண்டோஸ் 11 24எச்2-ல, ப்ரோ பதிப்பும் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவை நிறுத்திடுச்சு. "நேத்து வரைக்கும் ஓடுச்சே"ன்னு கேட்டா பதில் பெரும்பாலும் இதான். வேணும்னே சாத்தின கதவு. அதைத் திறந்து போட்டா, மாடி லேப்டாப்ல யாரோ கிளிக் பண்ண ஒரு மெயிலுக்கு பத்து வருஷ லாரி கணக்கும் போகும்.

சரியான வழிக்குப் பத்து நிமிஷம் போதும். டெஸ்க்டாப்ல 'கணக்கு'ன்னு பாஸ்வேர்டோட ஒரு தனி லோக்கல் யூசர் போடுங்க. ஷேர் பர்மிஷன்லயும் செக்யூரிட்டி டேப்லயும் 'எவ்ரிஒன்' இருந்தா எடுத்துட்டு அந்த யூசரைச் சேருங்க. லேப்டாப்ல கிரெடென்ஷியல் மேனேஜர்ல அதே பேரையும் பாஸ்வேர்டையும் சேமிச்சுட்டா அப்புறம் கேக்காது.

டெஸ்க்டாப் விண்டோஸ் 7-ஆ இருந்தாக்கூட எஸ்எம்பி 2 பேசும், பழசை ஆன் பண்ண வேண்டியதில்ல. எக்ஸ்பின்னா மட்டும் அதோட போராடாதீங்க. டேட்டாவை பென்டிரைவ்ல எடுத்து வேற மெஷினுக்கு மாத்திடுங்க.