கட்டு அவிழ்க்கும் வேளை
(பெருந்துறையில் கூடிய ஆதரவாளர்களுக்கு வழங்கிய உரை)



தீக்காயத்தோடு வருகிற வியாதியஸ்தர்களைக் குறித்து இன்று பேச விரும்புகிறோம். இந்தப் பக்கத்தில் காயம் எப்படி உண்டாகிறது என்று உங்களுக்கே தெரியும். அடுப்பங்கரை எண்ணெய், சாயப்பட்டறைக் கொதிநீர், கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலைக் கொப்பரையிலிருந்து தெறிக்கும் பாகு. பாகு தோலில் ஒட்டிக்கொள்வதால் வெந்நீரைவிட ஆழமாகச் சுடும். ஆனாலும் சுட்ட அன்று பட்ட வேதனையைவிட, பிறகு கட்டு மாற்றும்போதெல்லாம் படும் வேதனையைத்தான் அநேகர் சொல்லி அழுகிறார்கள். டிரஸ்ஸிங் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டாலே குழந்தைகள் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து பாதியில் நின்றுவிட்டால் காயம் சீழ்பிடிக்கும்; விரல்களும் கழுத்தும் இழுத்துக்கொள்ளும்.

வலிக்கு ஊசியும் மாத்திரையும் உண்டே என்பீர்கள். உண்டு, அவற்றை நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. பெரிய காயத்திற்கு அவை வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் பலத்த மருந்தையே நம்பினால் வியாதியஸ்தர் மயங்கிக் கிடப்பார், சாப்பிடமாட்டார், மலம் கட்டும். மருந்தோடுகூட வேறு என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

வலியின் பெரும்பங்கு துணியில் இருக்கிறது. காயத்து நீர் வலைத்துணியில் ஊறிக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது புதிதாய் வளர்ந்த தோலும் சேர்ந்து வரும். மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே இதற்கு வாழை இலையைப் பயன்படுத்தினார். இலையைத் துணியில் ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கிக் காயத்தின்மேல் வைத்தார்கள். இலையின் வழுவழுப்பால் அது காயத்தில் ஒட்டாது. வாசலின் தடவிய துணியோடு ஒப்பிட்ட ஆய்வு 2003ல் வெளியானது. கட்டு எடுக்கும்போது இலையில் வலி குறைவு என்று கண்டார்கள். தோல் உரிந்து கொப்புளிக்கும் பெம்பிகஸ் நோயாளிகளையும் நம் நாட்டில் வாழை இலைமேல் படுக்க வைப்பதுண்டு. அம்மை கண்டவரை நம் பாட்டிமார் எதில் படுக்க வைத்தார்கள் என்று நினைத்துப்பாருங்கள்!

ஒரு எச்சரிப்பு. தோட்டத்து இலையை அறுத்து அப்படியே காயத்தில் வைக்கக் கூடாது. வீட்டில் சுட்டுவிட்டால் உடனே இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி அழைத்து வாருங்கள்.

இலை இல்லாத இடத்திலும் வழி உண்டு. ஒட்டிய துணியைச் சலைன் நீரில் நன்றாய் ஊறவைத்து மெல்ல எடுக்கலாம். கடைசி மடிப்பைப் பெரியவர்கள் தாங்களே எடுக்கலாம். குழந்தை கையைத் தூக்கினால் நர்ஸம்மா நிறுத்தவேண்டும், கட்டாயம் நிறுத்தவேண்டும். தன் கையில் ஒரு அதிகாரம் இருக்கிறது என்று அறிந்தால் பயம் தணிகிறது. பயம் தணிந்தால் வலியும் தணிகிறது. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் ஒரு வாசல் உண்டு, கவனமும் மனநிலையும் அதை அடைக்கவோ திறக்கவோ கூடும் என்று மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965லேயே எழுதினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தீக்காயக்காரர்களுக்குக் கண்ணை மூடும் கருவியை மாட்டி, பனிமனிதர்மேல் பனியுருண்டை எறியும் விளையாட்டைக் காட்டி, காயத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அந்தக் கருவியை வாங்கித் தரும்படி நாங்கள் கேட்கவில்லை! தாயின் மடியும், ஒரு பாட்டும், ஊதிவிடும் சோப்புக் குமிழியும் அதே வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன.

கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டை உங்களில் பலர் அறிவீர்கள். வலியை ஒரு ஈவு என்றே அவர் எழுதினார். உணர்ச்சியற்ற கை எப்படி அழிந்துபோகிறது என்று கண்டவர் அவர். ஆயினும் எச்சரித்து முடித்த வலியை மறுபடி மறுபடி சுமக்கவைப்பது அந்த ஈவில் சேராது என்று எண்ணுகிறோம்.

இதற்கெல்லாம் செலவாவது நேரம். அவசரமாய்ப் பத்து நிமிடத்தில் முடியும் கட்டு, இப்படிச் செய்தால் அரைமணி நேரம் பிடிக்கும். இரண்டாவது ஆள் ஒருவரும் வேண்டும். கோபியிலிருந்து லாரியில் வாழை இலை அனுப்பட்டுமா என்று சிலர் கேட்டீர்கள். இலை இப்போது வேண்டாம். கதை சொல்லத் தெரிந்த அம்மாமார் காலையில் ஒரு மணி நேரம் குழந்தைகள் வார்டுக்கு வந்தால் போதும்.